வால்வுக்கு ஒத்தடம்

கனடாவில், பிக்கரிங் வீட்டு வாசலில், கார் விடுகிற இடத்தில் ஒரு ட்ரெயிலர் நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே படுக்கை, மேசை, காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு சிங்க், மூலையில் கக்கூஸ். தொண்ணூறுகளின் நடுவில் மகளும் மருமகனும் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்த அடுத்த கோடையில், மருமகன் அதை ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கிவந்தார். அவருடைய வேலையிடத்தில் எல்லோரும் காட்டுக்குள் போய்த் தங்குகிறார்களாம். நாங்களும் போனோம். மழை பெய்தது. நுளம்பு கடித்தது. திரும்பி வந்தோம். அதன்பிறகு ட்ரெயிலர் வாசலை விட்டு அசையவில்லை.

புது வீட்டில் எனக்கு அறை இருந்தது, கட்டில் இருந்தது. குறை சொல்ல முடியாது. அடுப்பு மட்டும் என்னுடையதாக இல்லை. கடுகு வெடித்தால் முகட்டில் பூட்டியிருந்த புகை மணி கத்தும். மிளகாய் பொரித்தால் கார்பெட்டில் மணம் ஏறும் என்று மகள் ஓடிவந்து யன்னலைத் திறப்பாள். என்னைச் சமைக்க வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் தாச்சியை எடுத்தால், ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் கோட்டுகளை மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான்.

அந்த வருடம் என் கணவரின் திவசம் வந்தபோது, மச்சம் மாமிசம் புழங்காத அடுப்பு வேண்டும் என்றேன். மருமகன் கொஞ்சம் யோசித்துவிட்டு ட்ரெயிலரின் பூட்டுத் திறப்பைத் தந்தார். திவசம் முடிந்தது. திறப்பை அவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

விடிந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அங்கே போய்விடுவேன். தேங்காயெண்ணெய்ப் போத்தல், சரக்குத்தூள், கடுகு, பெருஞ்சீரகம் எல்லாம் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. யன்னல் வேலிப்பக்கம் பார்த்தது. தாளித்த புகை வேலிக்கு மேலால் போகும். அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைக் கதவுதான். இப்படி ஒரு வீட்டைக் கட்டியவருக்கு என்ன அவசரமோ தெரியாது. நான் அந்தக் கதவோடு அரிசி மூட்டையைச் சாத்தி வைத்தேன். எனக்குத் தேவையென்றால் வீட்டுக்குள் போய் வந்தேன். நான் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை.

மத்தியானம் நான் வைத்த கறியைச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோவேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். மருமகன் மட்டும் சட்டியை வழித்தார். அந்த மனுசன் வழிக்கிற சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. ஒருநாள் காலையில் சிங்கில் தண்ணீர் இறங்காமல் நின்றது. மருமகன் வந்து குனிந்து பார்த்தார். சிங்கில் ஊற்றுவதும் கக்கூசில் போவதும் கீழே ஒரே தொட்டிக்குள்தான் விழும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலே தெரிந்திருந்தால் திறப்பை வாங்கியிருக்க மாட்டேன். இப்போது வாங்கியாயிற்று.

தொட்டியின் வாயை ஒரு தட்டு மூடியிருக்கும். அதுதான் வால்வு. வெளியே இருக்கிற கைபிடியை இழுத்தால் தட்டு விலகும். தொட்டியில் இருக்கிறதெல்லாம் தடித்த குழாய் ஒன்றின் வழியாக வீட்டுக் கழிவுக்குழாய்க்குப் போய்விடும். இடைக்கிடை மருமகன்தான் இழுத்துத் திறந்துவிடுவார். கடைசித் தடவை கொஞ்சம் முக்கித்தான் வந்ததாம். இந்தத் தடவை வரவேயில்லை. ஒரு காலைச் சில்லில் ஊன்றி இழுத்தார். ட்ரெயிலர் ஆடியது. கைபிடி ஆடவில்லை.

அவர் எழும்பிக் கையைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ, மாமி. வயசுபோன ஆக்களுக்கு இதெல்லாம் வழமை.”

எது வழமை என்று அவர் சொல்லவில்லை.

பின்னேரம் மகள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் கால் உளைவைப் பற்றி விசாரித்தாள். அவள் விசாரித்தால் அதற்குப் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

“அம்மா, கோவியாதேங்கோ. கால் ஏலாத நேரம் வீட்டுக்கை வரப் பஞ்சியிலை, ஒருக்கா ரெண்டு தரம்...”

“ஒருக்கா ரெண்டு தரம் என்ன?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையெண்டால் போய் வேலையைப் பார்.”

சனிக்கிழமை மருமகனின் சிநேகிதர் வந்தார். பிறம்ரனில் இருந்து பெரிய லொறி ஓட்டுகிறவர். வரும்போதே கையுறை போட்டுக்கொண்டு வந்தார். ட்ரெயிலருக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, டொக்டர்மாரைப் போல முதலில் என்னை நலம் விசாரித்தார்.

“அன்ரி, பேப்பர் கனக்கப் போட்டனீங்களோ?”

“எங்கை?”

“உள்ளுக்கைதான்.”

“உள்ளுக்கை வந்து பாரும், தம்பி.”

கூட்டிக்கொண்டு போய் அரிசி மூட்டையைக் காட்டினேன். “இதைத் தூக்கித் தூக்கி வைச்சிட்டோ நான் போறனான்?”

அவர் மூட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “அரிசி மூட்டை சாட்சி சொல்லாது, அன்ரி.”

எனக்கு வயது எழுபதுக்கு மேல். பிள்ளைகளைப் பெற்று, வீடு கட்டி, கப்பலிலும் பிளேனிலும் ஏறி வந்தவள். கடைசியில் என் சொல்லுக்கு ஒரு மூட்டை சாட்சி தேவைப்பட்டது. அதுவும் காணாதாம்.

அவர் எண்ணெய் ஸ்பிறே அடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கைபிடி கழன்று மருமகனின் கையோடு வந்தது. வெறும் கம்பி மட்டும் மிஞ்சியது. மருமகன் கைபிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்குச் சொன்னார்.

“மாமி, ஸ்ரௌவ்வில் ஆளோடை கதைச்சனான். பழுதெண்டாலும் எடுப்பாராம். நாளைக்கு வந்து இழுத்துக்கொண்டு போவார்.”

“அடுப்பையுமோ?”

“அடுப்பு அதிலை பூட்டினதெல்லோ.”

“அப்ப நான் எங்கை சமைக்கிறது?”

“வீட்டுக்கை சமையுங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?”

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லைத்தான். மேல்மாடிக்குப் போகிற கோட்டுகள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் உள்ளே போய்ச் சரக்குத்தூள் போத்தலை எடுத்து, பிறகு இருந்த இடத்திலேயே வைத்தேன். சாமான் கட்டுகிறதைக் காலையில் கட்டலாம்.

வெளியே அந்தத் தம்பி தொட்டிக் குழாயின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினார். இரண்டு சொட்டு விழுந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். பிறகு கையை எடுத்தார். திரும்பவும் கிட்டப் போனார்.

“அண்ணை, இஞ்சை வாங்கோ. மணந்து பாருங்கோ.”

“எனக்கென்ன விசரோ?”

“இல்லை அண்ணை, தோசை மா புளிச்ச மணம்.”

மருமகன் மணந்தார். மகளைக் கூப்பிட்டார். அவளும் குனிந்து மணந்தாள். மூன்று பேரும் ஒரு குழாயைச் சுற்றிக் குந்தியிருந்ததை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அடுத்த வீட்டுக்காரி பார்த்தாள். நான் அவளுக்குக் கை காட்டினேன்.

மகள் கம்பியில் இருந்ததைச் சுரண்டி எடுத்து விரலில் தேய்த்தாள். வெள்ளையாய், பசையாய், நடுவில் தேங்காயெண்ணெய் கட்டிபட்டு இருந்தது.

“அம்மா, சோறு வடிச்ச கஞ்சியை எங்கை ஊத்துறனீங்கள்?”

“கஞ்சியை எங்கை ஊத்துறது? ஊரிலையெண்டால் மாட்டுக்கு வைக்கலாம். பிக்கரிங்கிலை மாட்டுக்கு எங்கை போறது? சிங்கிலைதான்.”

“தாச்சி கழுவுற எண்ணெய்?”

“அதுவும்தான்.”

மகள் தன் புருசனைப் பார்த்தாள். மருமகன் தன் சிநேகிதரைப் பார்த்தார். அந்தத் தம்பி கையுறையைக் கழற்றினார்.

“அன்ரி, நான் முதல் கேட்டதை மனசிலை வைச்சிராதேங்கோ.”

“நான் சொன்னனான்தானே, தம்பி. நான் அந்தக் கதவு திறக்கிறேல்லை. உள்ளுக்கை கிடக்கிறது முழுக்கச் சோறு.”

எனக்கு மனம் ஆறிவிட்டது. வால்வு ஆறவில்லை.

கஞ்சி போட்டால் சேலை எப்படி விறைக்கும் என்று எனக்குத் தெரியும். குளிர் இரவுகளில் எண்ணெய் எப்படிக் கட்டியாகும் என்று மகளுக்குத் தெரியும். தட்டைச் சுற்றி இரண்டும் சேர்ந்து இறுகியிருந்தன. கொதிதண்ணீரை ஊற்றுவோம் என்றாள் மகள். தொட்டி நிரம்பி இருக்கிறது, ஊற்ற இடமில்லை, சூடு கூடினால் றப்பரும் போய்விடும் என்றார் அந்தத் தம்பி.

“அப்ப ஒத்தடம் குடுப்பம்” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை.

மகள் வீட்டு அடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் கொண்டுவந்தாள். என் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்தேன். நான் ஒரு மர வாங்கைப் போட்டு அதில் இருந்துகொண்டு, சுடுதண்ணியில் துணியைத் தோய்த்துப் பிழிந்து கொடுப்பேன். மருமகன் படங்கை விரித்துக் கீழே படுத்தபடி அதை வாங்கி வால்வைச் சுற்றிக் கட்டுவார். ஆறினதும் திருப்பித் தருவார். வீங்கின முழங்காலுக்குச் செய்கிற அதே வேலைதான். வால்வு மட்டும் முனகவில்லை.

“பொறுக்கக்கூடிய சூடோ?” என்று மருமகனிடம் கேட்டேன்.

“எனக்கோ மாமி, வால்வுக்கோ?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

இடையிடையே அந்தத் தம்பி குறட்டால் கம்பியைப் பிடித்து, இழுக்காமல், உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு மெல்ல வெளியே. ஒரு நகத்தளவு அசைந்தது. திரும்பவும் துணி கட்டினோம். திரும்பவும் அசைந்தது. மகள் இன்னொரு பானைத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு கம்பி ஒரு சத்தமும் இல்லாமல், இவ்வளவு நாளும் எனக்கு என்ன நடந்தது என்று கேட்கிற மாதிரி, வெளியே வந்தது.

குழாயை முன்னமே கொழுவியிருந்தார்கள். அதனால் ஒருவரும் நனையவில்லை. குழாய் உருண்டு திரண்டு வீட்டுப் பக்கமாகக் குலுங்கியது. எல்லோரும் நின்று கேட்டோம். உள்ளே என் சிங்கில் நின்ற தண்ணீர் வயிறு நிறையச் சாப்பிட்டவரைப் போல ஒரு பெரிய ஏவறை விட்டு இறங்கிப் போனது.

மருமகன் வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்தார். ஸ்ரௌவ்வில் ஆளை வரவேண்டாம் என்று சொல்லுவது யன்னலால் கேட்டது. வெளியே வந்து கழன்ற கைபிடியைத் திரும்பப் பூட்டினார்.

“இனிக் கஞ்சி சிங்குக்கை போகக்கூடாது, மாமி.”

“எங்கை ஊத்துறது?”

மகள் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

வாளியில் நாள்தோறும் கஞ்சி சேர்ந்தது. நல்ல கஞ்சியைக் கொட்ட எனக்கு மனம் வராது. பனி கொட்டி ட்ரெயிலரைப் பூட்டும்வரை, மருமகன் வேலைக்குப் போட்டுப்போன சட்டைகள் அத்தனையையும் அதில் தோய்த்துக் காயவைத்தேன். ஒருநாள் காலையில் அவர் வாசலில் நின்று, கார்த் திறப்பை எடுக்கக் காற்சட்டைப் பைக்குள் கையை விடப் பார்த்தார்.

“மாமி, கை மடங்குதில்லை.”

“கஞ்சி நல்லாப் பிடிச்சிருக்கு” என்றேன்.

அவர் கையை நீட்டியபடி நின்றார். மகள் வந்து திறப்பை எடுத்துக் கொடுத்தாள்.