மண்டை வழியாக வந்த வெளிச்சம்

“இதெல்லாம் தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணப் போற? போய் மீனக் கழுவு” என்று என் மருமகளையே விரட்டியிருக்கிறேன். நீங்கள் மட்டும் என்ன உசத்தி? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லாரி யார்டு. போன வருஷம் அங்கே பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். அதோடு எங்கள் தெருவில் இருட்டு போனது. என் சேவல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கூவ ஆரம்பித்தது. பெற்ற பிள்ளைகளைவிட என் பேச்சைக் கேட்கிற சேவல். இதை மட்டும் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவன்.

“ஆயா, நேரங்கெட்ட நேரத்துல சேவ கூவுனா சாவு வுழும். பேயப் பாத்துகினு கூவுது. ஞாயித்துக்கெயமக்குள்ள நிக்கலன்னா அம்மனுக்கு வெட்டிடுவோம்.”

“உன்னப் பாத்தா பேயே ஓடிடும், போடி” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாலும், அவள் போனதும் கூண்டுக் கதவைச் சாத்தினேன். வெட்டிவிடுவார்கள்.

பேயைப் பார்த்தால்தானே கூவும்? அன்று சாயங்காலமே கறுப்புத் துணியால் சேவலின் கண்ணைக் கட்டினேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு, கண் தெரியாத அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது. கூவியது. கையிலிருந்த சோற்றுத் தட்டை அப்படியே கீழே வைத்தேன்.

மறுநாள் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“இருட்டானாத்தான் இதுங்க மூளையில மெலடோனின்னு ஒண்ணு நல்லா சுரக்கும், பாட்டி. ராத்திரி ஆச்சுன்னு உடம்புக்குச் சொல்றது அதுதான். வெளிச்சம் பட்டா கொறஞ்சிடும். உடம்பு இன்னும் பகல்னே நெனச்சிக்கும்.”

“கண்ணத்தான் கட்டிட்டேனேம்மா?”

“பறவைக்குக் கண்ணு மட்டும் இல்ல. மண்டையோடு மெல்லிசு. அது வழியாவும் வெளிச்சம் உள்ள போகும்.”

என் உச்சந்தலை சில்லிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

லாரித் தார்ப்பாயை மடித்துக் கூண்டின்மேல் போட்டேன், காற்றுக்குக் கீழே மட்டும் இடம் விட்டு. அன்றும் கூவியது. அடுத்த நாளும். சனிக்கிழமை ராத்திரி, சத்தமே இல்லை. அந்த அமைதி கூவலைவிடப் பயமாக இருந்தது. செத்துவிட்டதோ என்று உள்ளே கையை விட்டேன். வெதுவெதுப்பாக மூச்சு விட்டபடி தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே, வீட்டு ஓட்டின்மேல் அந்த விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகக் காக்கைகள், ஒன்றுகூடக் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தன.

ஞாயிறு காலை எதிர்வீட்டுக்காரி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“பேய் போச்சா ஆயா?”

“எங்க போவுது? கம்பத்து மேலயேதான் குந்திகினு கீது” என்றேன். “மண்ட வழியா உள்ள பூந்துடும். தலைய மூடிகினு படுங்கடி.”