ஏரி பதில் சொல்லாத மதியம்

வில்ஹோ தூருனென்னின் கழுத்தில் எப்போதும் ஒரு கயிறு கிடக்கும். அதில் இரண்டு மரக்கட்டைகள், ஒவ்வொரு கட்டை நுனியிலும் ஒரு கூர் ஆணி. ஏரிப் பனி உடைந்து உள்ளே விழுந்தால், கைக்கு ஒன்றாகப் பிடித்துப் பனியில் குத்திக் குத்தி மேலே ஏறி வர. குய்க்கா ஏரிக்காரர்கள் எல்லாரும் குளிர்காலத்தில் மாட்டிக்கொள்வதுதான். ஆனால் வில்ஹோ ஏரியில் இறங்கவே மாட்டார். ஹெல்சிங்கியில் பெரிய அரங்கத்து மேடையில் நின்று தன் இசைக்குப் பரிசு வாங்கிய அன்றைக்கும், மடிப்புக் கலையாத கோட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் அந்தக் கட்டைகள் புடைத்துக்கொண்டிருந்தன.

"சவுனாவுல, ஆவிக் குளியலப்போகூட கழட்ட மாட்டான்," என்பாள் அவர் தங்கை ஐலி. "ஒருநாள் ஆணி சூடேறி மார்ல சுட்டுக்கிட்டான். பனிக்குப் பயந்து நெருப்புல வெந்த ஒரே ஆளு எங்கண்ணன்தான்."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா மரலாரி ஓட்டுகிறவர். நான் வாங்கிய இசைப் பட்டத்தின் ஆய்வே வில்ஹோவின் படைப்புகளைப் பற்றித்தான். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு அப்பா சமையலறையில் மாட்டியிருக்கிறார், காபிக் கெட்டிலுக்கு மேலே, ஆவி படுகிற இடத்தில். ஆய்வு முடிந்த பிறகு நடந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு அவருடைய ஏழு வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் அப்பா ஏமெலி, வெட்டிய மரங்களை டிராக்டரில் கட்டி ஏரிப் பனிமேல் அக்கரைக்கு இழுத்துப் போகிறவர். ஒரு வசந்தகால மதியம் மகனையும் பின்னால் சறுக்குவண்டியின் வாலில் நிற்க வைத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். நடு ஏரியில் அப்பாவோடு டிராக்டர் இல்லாமல் போனது. விழுந்தது என்றுகூட வில்ஹோ சொல்ல மாட்டார். "இருந்தது. அப்புறம் இல்லை." இழுவைக் கயிறு அறுந்ததால் சறுக்குவண்டி பள்ளத்தின் விளிம்பில் நின்றது. பையன் உயிரோடு நின்றான். போலீஸ்காரர் வந்து, பனி விரிசல் விட்ட சத்தம் கேட்டதா என்று கேட்டாராம். "எந்தச் சத்தமும் வரல. அதான் பயமா இருந்துச்சு," என்றானாம் பையன்.

குளிர்காலத்தில் எங்கள் ஏரி பாடும். பனி இறுகும்போது அடியில் யாரோ பெரிய கம்பியைச் சுண்டியதுபோல ஒரு முழக்கம் கரையிலிருந்து கரைக்கு ஓடும். வெளியூர்க்காரர்கள் அலறுவார்கள். எங்களுக்கு அது கேட்டால்தான் தூக்கம் வரும். பாடுகிற பனி தாங்கும். வில்ஹோ பயந்தது பாடாத பனிக்கு.

அவர் இசை முழுக்க அந்தப் பயம்தான். நான்கு தந்திக் கருவிகளுக்கு எழுதிய முதல் படைப்பில் தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் ஓய்வுக்குறிகூடக் கிடையாது. ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் பிடித்திருப்பார். வாசித்தவர்கள் தாள் திருப்ப நேரமில்லாமல் திண்டாடினார்கள். ஊதுகருவிகளுக்கு எழுதியபோது ஒரு கிளாரினெட்காரர் எழுந்து, "ஐயா, நாங்க மூச்சு விடுற வழக்கம் உள்ளவங்க," என்றே கேட்டுவிட்டார். இரண்டாம் சிம்பொனியில் அடிக்குரல் தந்திகள் ஒரே சுரத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்திருக்கும். தலைநகர விமர்சகர்கள் "தளராத ஆற்றல்" என்று எழுதினார்கள். நானும் ஆய்வில் அப்படித்தான் எழுதினேன். படித்துவிட்டு வில்ஹோ சிரித்தார். "ஆற்றல் எல்லாம் இல்லப்பா. நிறுத்தினா என்ன ஆகுமோன்னு பயம்."

அப்படிப்பட்டவர் அறுபது தாண்டிய வயதில் முதல்முறையாக ஒரு மௌனம் எழுதினார்.

ஊர்ப் பாடகர் குழுவை நடத்துகிற பள்ளி ஆசிரியை மார்கெத்தா, தேவாலயத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு கேட்டிருந்தார். வில்ஹோ கொடுத்ததைத் தேவாலயத்தில் பாட முடியாது. குழு ஏரிப் பனிமேல் நின்று பாட வேண்டும். கூட ஒரு கால்மிதி ஆர்மோனியம். முதல் பாதி முடியும் இடத்தில் எல்லாரும் ஏரியைப் பார்த்து மூன்று முறை கேட்க வேண்டும்: "தாங்குவாயா?" பிறகு மௌனம். ஏரி முழங்கிப் பதில் சொன்னதும், அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதி தொடங்கும்.

மார்ச் மாதக் குளிரில் ஒத்திகை பார்த்தோம். நான் கீழ்க்குரல் வரிசையில் நின்றேன். மூன்றாம் முறை கேட்டு நிறுத்தியதும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அக்கரையிலிருந்து அது வந்தது. எங்கள் காலடியில் புகுந்து முதுகெலும்பு வழியாக ஏறிப் போனது. ஐலி அழுதுவிட்டாள். இரண்டாம் பாதியை நாங்கள் பாடினதுபோல் வேறெதையும் பாடியதில்லை. வில்ஹோ மட்டும் கரையில், படகுக் கொட்டகையின் கதவைப் பிடித்தபடி நின்றார். ஒரு காலைக்கூட ஏரியில் வைக்கவில்லை.

நிகழ்ச்சி ஈஸ்டர் சனிக்கிழமை காலை என்று முடிவானது. அந்த வருடம் ஈஸ்டர் தள்ளி வந்தது, ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது. இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும், காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம் என்று பேச்சு. பனிப்பாதையைக் கவனித்துக்கொள்ளும் யோர்மா, வில்ஹோவின் பள்ளித் தோழர், விடிந்ததுமே துளை போட்டு அளந்துவிட்டார். ஆனால் நாடு முழுக்க நேரலையாக அனுப்ப வேண்டிய வானொலி வண்டி சேற்றுப் பாதையில் மாட்டிக்கொண்டது. நிகழ்ச்சி மதியத்துக்குத் தள்ளிப்போனது. கரையில் ஊரே உட்கார்ந்து காபி குடித்தது, கறுப்பு மெம்மிக் களியில் பாலாடை ஊற்றித் தின்றது. வில்ஹோ எதையும் தொடவில்லை.

"யோர்மா, திரும்ப அளந்துட்டு வாடா."

"எதுக்கு? முழங்கை நீளத்துக்குத் தடியா கிடக்கு. எங்கப்பன் காலத்து லாரியையே ஓட்டலாம்."

"அது காலையில அளந்தது."

"ஏன், மத்தியானம் ஆனா பனி பட்டினி கிடந்து இளைச்சிடுமா? போய் ஒரு வாய் மெம்மி தின்னுடா. உன் மூஞ்சியப் பாத்தா பாடுறவங்களுக்குத் தொண்டை கட்டிக்கும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வில்ஹோவின் பயம் ஊருக்குப் பழக்கமான விஷயம். அவர் கொட்டகைப் பக்கம் போனார். இத்தனை வருடம் காத்திருந்து எழுதிய ஒரே மௌனம், நாடே கேட்கப்போகிறது. பயமா இருக்கு, நிறுத்துங்க என்று எத்தனை முறைதான் ஒரு மனிதர் சொல்வார்?

கரையோரம் பனி இளகியிருந்ததால் பலகை போட்டிருந்தார்கள். பலகை தாண்டிக் கல்லெறி தூரம் நடந்து போய் நின்றோம். அவரவர் கழுத்தில் ஆணிக்கட்டை. ஆர்மோனியத்தைச் சறுக்குவண்டியில் ஏற்றி முன்பே கொண்டுவந்திருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. முதல் பாதி நன்றாகவே போனது.

"தாங்குவாயா?"

"தாங்குவாயா?"

"தாங்குவாயா?"

மார்கெத்தா கையை உயர்த்தியபடியே நின்றார். மௌனம் தொடங்கியது.

கரையில் யாரும் இருமவில்லை. கொட்டகையின் மழைக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. எங்கோ அன்னங்கள் கத்திக்கொண்டு போயின. ஏரி ஒன்றும் சொல்லவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு அது அழகான மௌனம்; கண்ணை மூடி ரசித்தார்கள். நான் கீழே பார்த்தேன். நின்ற இடத்தில் வெண்பனி சாம்பல் நிறமாகியிருந்தது. என் பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் கசிந்து, மெதுவாக ஒரு வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவரின் காலைச் சுற்றியும் அதே வட்டம். இரண்டு வட்டமும் தொட்டுக்கொண்டன. பேசினால்கூடப் பாரம் கூடிவிடும் என்று தோன்றியது.

நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். வில்ஹோ எழுந்து நின்றிருந்தார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நாங்கள் எல்லாரும் ஒரே கும்பலாகப் பலகையை நோக்கி ஓடியிருப்போம். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். பலகைமேல் ஏறினார். பலகை முடிந்த இடத்தில் நின்றார். அப்புறம் காலை எடுத்து ஏரிமேல் வைத்தார்.

தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவர்போல நடந்து வந்தார். ஒரு கை நெஞ்சில், கட்டைகளின்மேல். முகம் சுண்ணாம்பாக இருந்தது. வானொலிக்காரர் கரையில் ரசித்துத் தலையாட்டினார்; இதுவும் இசையில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார். வில்ஹோ மார்கெத்தாவின் காதருகே குனிந்தார். எங்கள் வரிசைக்குக் கேட்டது.

"முதல் பாதியை மறுபடி ஆரம்பி. பாடிக்கிட்டே எல்லாரும் கரைக்கு."

"என்ன சொல்றீங்க? நேரலையில போயிட்டிருக்கு!"

"தள்ளித் தள்ளி நடக்கணும். யாரும் ஓடக் கூடாது. யாரும் யார்கூடவும் சேரக் கூடாது."

"வில்ஹோ, ஆயுசுல ஒரே ஒரு மௌனம் எழுதினீங்க. அதுக்கே பயந்துட்டீங்களா?"

"ஆமா, பயந்துட்டேன். நீயும் பயப்படு. மூஞ்சியில மட்டும் காட்டாதே."

மார்கெத்தா குனிந்து தன் காலைப் பார்த்தார். உடனே கையை வீசிச் சுரம் கொடுத்தார்.

பாடினோம். ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பினோம். ஐலி தன் இடத்தைவிட்டு அசையவில்லை.

"நான் கடைசியா வரேன்டா. இருக்கிறதுலயே குண்டு நான்தான்."

"அதனாலதான் உன்னை முதல்ல போகச் சொல்றேன். நட."

"இங்கேயும் திட்டணுமா?" என்று முனகிக்கொண்டே அவள் தன் குரலில் சேர்ந்துகொண்டாள்.

அந்த நடையை நான் எப்படி எழுத? குரல் மேலே போய்க்கொண்டிருக்கிறது, கால் கீழே எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் அடியும் கொஞ்சம் அமுங்கியது, ஊறின ரொட்டியில் மிதிப்பதுபோல. முன்னால் போகிறவரைத் தொட்டுவிட வேண்டும், யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கை துடித்தது. பிடித்தால் இருவருக்கும் ஆபத்து. அன்றைக்குப் புரிந்தது, ஓர் இடத்தில்கூட நிறுத்தாமல் வில்ஹோ ஏன் அத்தனை இசையை எழுதினார் என்று. பாட்டை நிறுத்தினால் கால் மடங்கிவிடும் என்றிருந்தது எனக்கு.

பலகையில் கால் பட்டதும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் வந்துவிட்டார்கள். வில்ஹோ மட்டும் கடைசியாக வந்துகொண்டிருந்தார். பலகைக்கு ஓர் எட்டு இருக்கும்போது அவருடைய இடது கால் இல்லாமல் போனது. இருந்தது, அப்புறம் இல்லை. இடுப்புவரை உள்ளே. உண்மையாகவே ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கட்டைகளை உருவிக் குத்தினார். குத்திய பனி கையோடு பெயர்ந்து வந்தது. மறுபடி குத்தினார். யோர்மா பலகையில் குப்புறப் படுத்து அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்துவிட்டார்.

"விடாதே யோர்மா."

"நான் எங்கடா விடப்போறேன்? வாயை மூடிக்கிட்டு வாடா, வா!"

இழுத்துப் போட்ட பிறகு, வில்ஹோவோடு பெயர்ந்து வந்த ஒரு பனிக்கட்டியை யோர்மா எடுத்துப் பார்த்தார். முழங்கை அளவு தடி. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அழுத்தினார். அது கட்டவிழ்ந்த ஊசிக்கட்டு மாதிரி நீள நீளமாகப் பிரிந்து விழுந்தது. "தடியாத்தான் இருந்துச்சு," என்றார், யாருக்கோ பதில் சொல்வதுபோல.

யோர்மா இன்றும் வாதாடுவார்: கரையோரம்தான் முதலில் கெடும், நாங்கள் நின்ற இடம் தாங்கியிருக்கும் என்று. இருக்கலாம். ஆர்மோனியத்தை எடுத்து வர அவரையும் சேர்த்து யாரும் போகவில்லை. சில நாள் அது நடுவில் தனியாக நின்றது. காலையில் சன்னலைத் திறந்ததும் எல்லாரும் அதைத்தான் பார்ப்போம். ஒருநாள் அது அங்கே இல்லை. சத்தம் கேட்டதா என்று ஒருவரை ஒருவர் விசாரித்தோம். யாருக்கும் கேட்கவில்லை.

வானொலியில் கேட்டவர்களுக்கு எதுவும் தெரியாது. நீண்ட மௌனம், பிறகு குரல்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்து ஓய்ந்தன, அவ்வளவுதான். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பதிப்பாளர், நடந்து வரும் அந்த முடிவையும் சேர்த்து எழுதித் தரச் சொன்னார். வில்ஹோ இரண்டாம் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மௌனத்துக்கு மேலே ஒரே ஒரு வரி சேர்த்தார்: "பதில் வராவிட்டால், முதல் பாதியைப் பாடிக்கொண்டே தள்ளித் தள்ளிக் கரைக்கு வாருங்கள்."

போன குளிர்காலத்தில் ஹெல்சிங்கி அரங்கில் அதைப் பாடினார்கள். நான் போயிருந்தேன். கணகணப்பான அரங்கம், வழவழத்த மரத் தரை, அடியில் கார் நிறுத்துமிடம். மூன்று முறை கேட்டார்கள். மௌனம். தரை என்ன பதில் சொல்லும்? குழு முதல் பாதியைப் பாடிக்கொண்டே, ஒருவரை ஒருவர் தொடாமல், மேடையை விட்டு இறங்கிப் போனது. எல்லா ஊர்களிலும் இப்படித்தான் முடிகிறதாம். இரண்டாம் பாதி அச்சில் இருக்கிறது. மார்ச் மாதத்து ஏரிமேல் நாங்கள் பாடியதோடு சரி.

பக்கத்து நாற்காலியில் வில்ஹோ உட்கார்ந்திருந்தார். கடைசி ஆள் மேடையிலிருந்து இறங்கும்வரை அவர் கை நெஞ்சிலேயே இருந்தது. நான் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தேன். தரை காய்ந்துதான் இருந்தது. இருந்தும் காலை மெல்லத் தூக்கி, முன் நாற்காலியின் கம்பியில் வைத்துக்கொண்டேன்.