யார் இந்தக் கூரா?

அலர்மேல்மங்கையைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. பதினாறு வருஷமாக அவளுடைய டிபன் டப்பாவில் பாதியைக் காலி செய்தவள் நான். திருப்பதியில் ஒரு வேர்க்கடலை ஆராய்ச்சி நிலையம். அங்கே அவள் விஞ்ஞானி, நான் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சுலோசனா. கடலைச் செடியின் இலையில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் அவள் முகத்தில் பத்து விழும்.

அப்படிப்பட்டவளுக்கு 2012-இல் முதன்மை விஞ்ஞானி பதவிக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. அதற்கு மேல் வயது இடம் கொடுக்காது. நிபந்தனை ஒன்றுதான். அவள் கட்டுரைகளை மற்ற விஞ்ஞானிகள் இருநூறு முறையாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்னது, பத்தொன்பது. அதில் நான்கு அவளே தன்னை மேற்கோள் காட்டியது.

"எனக்கு நானே மொய் வெச்சுக்கினேன் பாரு" என்று சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் வெயிலில் நின்று கறுத்தவளுக்குப் பத்தொன்பதா? எவன் படிக்காமல் போனான் என்று பார்த்துவிடுவோம் என இலைப்புள்ளி நோயைப் பற்றி வந்த வெளிநாட்டுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

பிரேசில்காரர், 'கூரா 1994-இல் காட்டியபடி' என்கிறார். செனகல்காரரும் கூரா என்கிறார். ஒரு சீனாக்காரர் ஒரே பக்கத்தில் மூன்று தடவை கூராவைக் கும்பிடுகிறார். அந்த மகராசனை எத்தனை பேர்தான் சொல்கிறார்கள் என்று எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு!

சாப்பாட்டு வேளையில் கேட்டேன். "ஏண்டி, யாருடி இந்தக் கூரா? ஜப்பான்காரனா? உன் நோயைப் பத்தியே எய்திக்கினு கீறான்."

அவளுக்குப் புரையேறியது. தலையில் தட்டினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, "அடிப்பாவி, அது நான்டி!" என்றாள்.

ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம் அவள் ஊர். நிலமில்லாத தமிழ்க் குடும்பம். நமக்கு இனிஷியல் போதும், தெலுங்கில் குடும்பப் பெயர் வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'இன்ட்டி பேரு', வீட்டுப் பெயர். அவளைப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் அதைக் கேட்டிருக்கிறார். அப்பா முனியப்பன், என்ன வீடு என்று கேட்பதாக நினைத்து, "கூரை ஊடுதான் சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். வாத்தியார் 'கூர' என்று எழுதிவிட்டார்.

தெலுங்கில் கூர என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய்கறி. காலேஜ் ஹாஸ்டலில் இவள் தட்டைத் தூக்கினாலே, "ஈரோஜு ஏம் கூர?" என்று மெஸ்ஸே கூவும். இன்றைக்கு என்ன காய் என்று அர்த்தம். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு கூரை ஒழுகிக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தாராளமயம் என்று நாடு கதவைத் திறந்துவிட்ட புதுசில், வெளிநாட்டுப் பத்திரிகைக்கு முதல் கட்டுரையைக் கூர என்ற பெயரில் அனுப்பினாள். அதன் ஆங்கில எழுத்தைத்தான் நான் கூரா என்று படித்திருக்கிறேன். வேலை கிடைத்ததும் கூரவை வெட்டிவிட்டு, அப்பா இனிஷியலைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கட்டுரையை அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூராவின் கணக்கைக் காட்டியதும் தேர்வுக் குழு, கூரவும் அலர்மேல்மங்கையும் ஒருவரே என்று, தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த வேடிக்கையை நான் விடுவேனா, லீவு போட்டேன். பஸ் முழுக்க ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்கள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

அதிகாரி பேனாவைத் திறந்து, "பெத்தாயனா, மீ இன்ட்டி பேரு?" என்று பெரியவரிடம் வீட்டுப் பெயரைக் கேட்டார்.

முனியப்பன் நிமிர்ந்தார். "அப்போ கூரை ஊடு சார். இப்போ எம் பொண்ணு மாடி ஊடு கட்டிக் குடுத்துகீது. மாடின்னு எய்துங்க!"

"நைனா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் விழுந்தேன். நகரிக்காரரான அதிகாரிக்குத் தமிழ் புரியும். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கூரைன்னே இருக்கட்டும் நைனா. அந்தப் பேரைத்தான் ஒலகம் பூரா படிச்சுக்கினு கீறாங்க."

கிழவர் மகள் பக்கம் திரும்பினார். "மழைக்கு ஒழுகும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியாது நைனா. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

பதவி வந்தது. அறைக் கதவுக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவரிடம் அவளே பக்கத்தில் நின்று, 'கூர அலர்மேல்மங்கை' என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். மறுநாள் மதியம் அவள் டப்பாவைத் திறந்ததும் நான் கையை நீட்டினேன்.

"ஈரோஜு ஏம் கூர?"

"முதன்மை விஞ்ஞானி கூர!" என்றாள்.