ஆறாம் பாடத்தில் நாற்பது வினாடி

நம்புங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். எனக்கல்ல, என் சிநேகிதிக்கு. எழுதட்டுமா என்று அவளிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவைதான் சரி என்றாள். "நீயாவது கேட்டியே" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது போகப் போகப் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, கரண்ட் போன வீடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு. தெருவில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அவள் மனநல ஆலோசகர். வீட்டின் முன்னறைதான் ஆலோசனை அறை. இரண்டு நாற்காலி, நடுவில் சின்ன மேஜை, டிஷ்யூ பெட்டி, வருகிறவர் கண்ணில் படாமல் அவள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு கடிகாரம். ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். ஆனால் வரிசையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவள் கணவரின் தம்பி வேறு ஊரில் விளம்பரங்களுக்கு ஒலி வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தான். யோசனை அவனுடையது. மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பன்னிரண்டு பாடம், எல்லாம் அவள் குரலில். செல்போனில் போட்டுக் கேட்டுக்கொண்டால் போதும். "அண்ணி, நீங்க தூங்குனாலும் உங்க குரல் வேலை பார்க்கும்" என்றான். கூடப் படித்தவர்களில் நாலு பேர் ஏற்கெனவே இப்படிச் செய்து ஊரெல்லாம் பேர் வாங்கியிருந்தார்கள். அவளுக்கும் ஆசை வந்தது. தப்பில்லை.

முதல் ஐந்து பாடங்களைத் தூக்கத்தைக் கெடுத்து ராத்திரிகளில் பதிவு செய்து முடித்தாள். மீதிக்கு வாரத்தில் ஒரு பொழுதாவது வேண்டும். எதைக் காலி செய்வது? செவ்வாய்க்கிழமை நாலு மணி கண்ணில் பட்டது.

அது கண்ணாடிக்காரருடைய நேரம். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கிய மனிதர். மனைவியை இழந்தவர். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்க கண்ணாடி இடது பக்கம் தூக்கலா இருக்கு டாக்டரம்மா" என்பதுதான். கழற்றி வாங்கி, காம்பை லேசாக வளைத்துக் கொடுத்தார். நான் டாக்டர் இல்லை என்று இவளும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் ஒரு செவ்வாய் தவறாமல் வந்தார். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கண்ணாடியைக் கழற்றுவார். பெட்டியைத் திறந்து துணியை எடுத்துத் துடைப்பார். பெட்டியை மூடுவார். தொண்டையைச் செருமுவார். அப்புறம்தான் பேச்சு. அந்த மௌனத்தில் கை வைக்காமல் காத்திருப்பதுதான் தன் தொழிலில் பாதி என்று அவள் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது நன்றாகத்தானே இருக்கிறார், இனி பாடங்களைக் கேட்டாலே போதும் என்று அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். முதல் ஐந்து பாடங்களையும் அவர் செல்போனில் அவளே ஏற்றிக் கொடுத்தாள். அவர் மறுப்பே சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார்.

"நான் பேசுனா இது கேக்குமா?"

"நீங்க கேட்டாப் போதும் சார்" என்றாள் அவள். சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஆறாம் பாடத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றாள். குற்ற உணர்ச்சியைப் பற்றிய பாடம். என்ன எழுதினாலும் புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. உயிருள்ள உதாரணம் ஒன்று வேண்டும். பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, அலமாரியைத் திறந்து, கண்ணாடிக்காரர் சொன்னதையெல்லாம் தான் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்தாள்.

அவர் வரத் தொடங்கி ஏழு மாதம் கழித்து, வேறு யாரிடமும் சொல்லாததைச் சொன்ன நாள் அதில் இருந்தது. மனைவியோடு காலையில் ஏதோ சின்னச் சண்டை. மத்தியானம் மனைவி கடைக்குப் போன் செய்திருக்கிறாள். மூன்று தடவை. மூன்று தடவையும் பெயரைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருந்திருக்கிறார். மூன்றாவது தடவை போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த பிறகும் மேஜை அதிர்ந்துகொண்டே இருந்ததாம். வீட்டுக்குப் போனபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். உயிர் இல்லை.

சிநேகிதி அதை எடுத்தாள். கடையைச் செருப்புக் கடையாக்கினாள். வயதைக் குறைத்தாள். ஆள் அடையாளம் தெரியாது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை. இதை அவளே ஒத்துக்கொண்டாள்.

பதினேழாம் தேதி, செவ்வாய். சரியாக நாலு மணிக்குப் பதிவைத் தொடங்கினாள். ஜன்னலில் கனத்த போர்வை. மேஜையில் மைக். எதிர் நாற்காலி கிறீச்சிடும் என்று அதைப் பின்கட்டு அறையில் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. வருகிறவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி; பதிவு நேரத்தில் அதையும் மடித்து வெளியே வைத்துவிடுவாள். உதாரணத்தை வாசித்தாள். பிறகு, "உங்கள் மனத்தில் இருப்பதை இப்போது சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அங்கே நாற்பது வினாடி மௌனம் விட வேண்டும். கேட்பவர் பேசிக்கொள்வதற்கான இடம். கடிகாரத்தைப் பார்த்து நாற்பது எண்ணினாள். அடுத்த வரி: "சொன்னதற்கு நன்றி. இனி அதைக் கீழே இறக்கி வையுங்கள்." முடித்து, கொழுந்தனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை 10.40க்கு அவன் கூப்பிட்டான்.

"அண்ணி, ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"பதினொன்னாவது நிமிஷத்துல கேட்டுப் பாருங்க. ஹெட்போன் போட்டுக் கேளுங்க."

கேட்டாள். மௌனம் தொடங்கியது. ஒன்பதாவது வினாடியில்...

டக்.

ஒரு சின்னப் பெட்டி திறக்கும் சத்தம். பிறகு துணி தேய்க்கும் சத்தம். ஸ்... ஸ்... ஸ்... மறுபடி டக். பிறகு ஒரு செருமல். பேச வாயெடுக்கிறவரின் செருமல். அதற்குள் நாற்பது வினாடி முடிந்து அவள் குரல் வந்துவிட்டது. "சொன்னதற்கு நன்றி..."

தெருச் சத்தமாக இருக்கும், வெட்டிவிடு என்றாள். அவன் வெட்டினான். அந்த இடத்தில் வெறும் மௌனத்தை ஒட்டினான். ஒட்டியதைப் போட்டுப் பார்த்தான். ஒன்பதாவது வினாடியில் டக். மறுபடி பதிவு செய்து அனுப்பச் சொன்னான், அவ்வளவுதான்.

அப்போதாவது கண்ணாடிக்காரருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

இருபத்து நாலாம் தேதி. மறுபடி செவ்வாய். அவளுக்குக் கிடைத்ததே அந்த ஒரு பொழுதுதான். 3.40க்கு வாசல் கதவைப் பூட்டினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். அழைப்பு மணியை நிறுத்தினாள். செல்போனை அணைத்தாள். பின்கட்டு அறைக்குப் போய் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதன் மேல் பழைய துணி மூட்டை.

4.00. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடங்கினாள்.

4.11. "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

எண்ணத் தொடங்கினாள்.

ஒன்பது. டக்.

ஹெட்போனில்தான் கேட்டதா, அறையிலா? தெரியவில்லை. ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினாள்.

ஸ்... ஸ்... ஸ்...

அறையில்தான்.

இருபது. டக்.

இருபத்தொன்று. எதிரே, ஒன்றுமே இல்லாத இடத்தில், நாற்காலி கிறீச்சிட்டது. ஒருவர் முன்னால் சாய்ந்து உட்காரும்போது வருமே, அந்தக் கிறீச்.

முப்பது. செருமல்.

மைக்கின் ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடு மெல்ல ஏறியது... இறங்கியது... ஏறியது... மூச்சு. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு.

"கேக்குறீங்களா?"

அவர் குரல். கோபமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற குரல்.

அவள் என்ன செய்திருக்க வேண்டும்? கேட்கிறேன் சார் என்று ஒரு வார்த்தை. இரண்டு வருஷம் சொன்ன வார்த்தைதான். வரவில்லை. கண் தாளில் இருந்தது. வாய் தாளில் இருந்ததை வாசித்தது.

"சொன்னதற்கு நன்றி. இனி அதைக் கீழே இறக்கி வையுங்கள்."

அமைதி.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

நாலு எட்டு. நிதானமான எட்டு.

வாசலில், உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாள்...

கிளிக்.

4.13. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே வேன் ஹாரன்.

அன்றே ஆறாம் பாடத்தை அழித்தாள். கொழுந்தனிடமும் அழிக்கச் சொன்னாள். மறுநாள், புதன்கிழமை, 11.15க்குக் கடைத்தெருவுக்குப் போனாள். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு. செவ்வாய்க்கிழமை நாலு மணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்றும்.

கடையில் அவர் இல்லை. கல்லாவில் அவர் ஜாடையில் ஒரு பெண்மணி இருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"சார் இருக்காங்களா?"

அந்தப் பெண்மணி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். வெகு நேரம் இவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் அவரு தங்கச்சி. உங்க குரல் எனக்குத் தெரியும்" என்றார்.

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அண்ணன் இறந்துவிட்டதை அடுத்தவர் வீட்டுச் செய்தி போலச் சொன்னார். பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இதே மேஜையில். சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்கத் தங்கை நாலே காலுக்கு வந்தபோது அண்ணன் உட்கார்ந்த வாக்கில் இருந்தாராம். மாரடைப்பு என்றார்கள். காதில் போனின் ஒயர். உள்ளே ஏதோ பேசிக்கொண்டிருந்தது. யார் பேசுகிறார்கள் என்று தங்கை அதை எடுத்துத் தன் காதில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"செருப்புக் கடைக்காரர்னு சொன்னீங்க" என்றார். "ஆனா மூணாவது தடவ போன் அடிச்சப்போ மேஜ மேல இருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியெல்லாம் அதிர்ந்துச்சுன்னு சொன்னீங்களே. செருப்புக் கடையில அது எதுக்கு?"

சிநேகிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை மாற்ற மறந்திருந்தாள்.

"அண்ணி கூப்பிட்டு அவரு எடுக்கலங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அவரு காதுலேர்ந்து எடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

கடைசியில், அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். முகத்தைப் பற்றித் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு கையாலயும் மேஜைய அழுத்திப் பிடிச்சிருந்தாரு. பிரிச்செடுக்கவே முடியல. ஆடுற மேஜைய நிறுத்தப் பார்த்த மாதிரி."

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வந்ததும் பாடம் எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தாள். கொழுந்தனிடமும் கேட்டாள். கண்ணாடிக்காரர் போனுக்குப் போனவை முதல் ஐந்து பாடங்கள் மட்டும்தான். ஆறாவது யாருக்கும் போகவில்லை.

போயிருக்கவும் முடியாது. அவர் இறந்தது பத்தாம் தேதி. அந்தப் பக்கத்தின் மேலே, அவள் கையெழுத்திலேயே, எழுதிய நாள் இருந்தது.

பதினாறு.