வலப்பக்கத்துக் கடைவாய்ப் பல்

விளக்கில் காட்டிய கத்திமுனை மெழுகின் மேல் இறங்கியது. அவள் விரல்கள் அசைவதே தெரியவில்லை. மெழுகு தானாகவே மேடும் பள்ளமுமாக எழுந்துகொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "இன்டர்வியூ முடிஞ்சு எட்டு நாளாச்சு அண்ணி. போன் பண்ணிக் கேளுங்க."

"ரெண்டு தடவை கேட்டாச்சு. சொல்லி அனுப்புறோம்னாங்க. இனி என் நம்பரைப் பாத்தாலே எடுக்க மாட்டாங்க."

"அதுக்கு?"

"நேர்லயே போகப் போறேன். கேக்க இல்ல, தப்பா செஞ்சுட்டேன்னு சொல்ல."

செயற்கைப் பல் செய்யும் சின்ன லேப் ஒன்றில் பத்து வருடமாக பிளாஸ்டர் கலப்பவள் அவள். பல் செதுக்க யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தே பழகினாள். 'பல் விளக்கக்கூட கண்ணாடி கிடைக்கிறதில்ல' என்பது வீட்டுக்காரரின் தீராத புகார்.

பெரிய லேபில் மெழுகு வேலைக்கு ஆள் எடுத்தபோது, கீழ்வாயின் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல்லைச் செதுக்கச் சொன்னார்கள். செதுக்கிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, நாக்கு தற்செயலாகத் தன் வாயிலிருந்த அதே பல்லைத் தடவியது. அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் வலப்பல் இடப்பல்லாகத் தெரியும். வீட்டில் அதை மாற்றித்தான் செதுக்குவாள். அன்று பதற்றத்தில் கண்ணாடியில் பார்த்துப் பழகியதையே அப்படியே செதுக்கிவிட்டாள்.

"நீங்களே போய் தப்பைச் சொன்னா வேலை எப்படிக் கிடைக்கும்?" என்றாள் நாத்தனார்.

பதிலுக்கு அவள் பூதக்கண்ணாடியை நீட்டினாள். நாத்தனார் மெழுகுப் பல்லின் மேல் குனிந்தாள். ஐந்து குன்றுகள், நடுவில் கிளை பிரியும் ஓடைகள், ஒவ்வொரு சரிவிலும் மயிரிழை வரிகள். நாத்தனாரின் கன்னத்துக்குள் நாக்கு மெல்ல நகர்ந்தது.

"இதெல்லாமா என் வாய்க்குள்ள இருக்கு?"

மறுநாள் காலை பெரிய லேபில், தலைமைத் தொழிலாளி மேசை இழுப்பறையைத் திறந்து அவள் செதுக்கிய பழைய பல்லை எடுத்து வைத்தார்.

"பக்கம் தப்புன்னு அன்னிக்கே ஒதுக்கிட்டோம்மா. தூக்கிப் போடத்தான் மனசு வரல."

"தெரியும் சார். அதான் சரியானதைக் கொண்டுவந்திருக்கேன்."

அவள் டப்பாவைத் திறந்தாள். அவர் லென்ஸோடு குனிந்தார். பக்கத்து மேசைகளில் அரம் தேய்க்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. நிமிராமலே இருந்தார், அவர் கன்னத்துக்குள்ளும் நாக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"திங்கக்கிழமை வந்துடுறீங்களா?" என்றபடி உள்ளங்கையை விரித்தார்.

அவள் டப்பாவிலிருந்த பல்லை எடுத்து அதில் வைத்தாள்.