சித்தப்பாவின் லண்டன் டிவி

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்து வாசியுங்கள்.

நேற்று இங்கே இத்தாலியில், பலெர்மோ நகரின் பல்லரோ சந்தையில் பழைய சாமான் விற்பவர் ஒரு பெட்டி டிவியைப் போட்டுக் காட்டியபோது, சூடாகும் தூசியின் வாசம் என்னை யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவின் முன்னறையில் கொண்டுபோய் இருத்தியது.

அறுபதுகளில் லண்டனில் வாங்கிய டிவியை அவர் ஊர் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்திருந்தார். அது அந்த நாட்டு ஒளிபரப்புக்கென்றே செய்த பெட்டி என்பது அவருக்குத் தெரியாது. பார்க்க வந்த சனம் அறை நிறைய இருக்க, அதில் வெள்ளைப் புள்ளிகளும் இரைச்சலும் மட்டுமே வந்தன.

"என்ன, லண்டனிலை ஒரே மழையோ?" என்று முன்வீட்டு மணியண்ணை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் கறுத்தது. ஊருக்கு முன்னால் அவர் மானம் போகப் பார்த்தது.

"பொறு மணியம், நான் சொல்லுறன்."

டிவிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, அங்கே தான் பார்த்த ஒரு சனிக்கிழமையை அப்படியே சொல்லத் தொடங்கினார்: மத்தியானம் குதிரைப் பந்தயம், குதிரைகளை விட வேகமாகக் கத்தும் அறிவிப்பாளர், பிறகு கீச்சுக் குரலில் சண்டை பிடிக்கும் பொம்மைகள், பிறகு கழுத்துப்பட்டி கட்டிய செய்திக்காரர் என்று ஒவ்வொருவராகவும் அவரவர் குரலிலேயே அவர் கதைக்க, அந்தப் புள்ளிகளுக்குள் நாங்கள் அவர்களைக் கண்டோம். கண்டோம் என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

"இனி ராணியின்ரை பாட்டு, அவையின்ரை தேசிய கீதம். அதோடை நிகழ்ச்சி சரி. அங்கை எல்லாரும் எழும்பி நிற்பினம்" என்று அவர் அந்த மெட்டை முணுமுணுத்தபோது, முதலில் எழும்பி நின்றவர் மணியண்ணைதான்.

பலெர்மோ, கார்த்திகை மாதத்து இரண்டாம் ஞாயிறு.