முட்டிக்குள் ஒட்டுப்போட வழி கேட்டு: அயனம்பாக்கம் முதல் பூந்தமல்லி வரை

வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேல்வீட்டு சுந்தரம் சாரைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. அவருக்கு வயது அறுபத்தெட்டு, இரண்டு முட்டியும் உலோகம். ஆனால் தினமும் மாலை என் மனைவி கலாவோடு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் கையை வீசிக்கொண்டு நடக்கிறார். நான் நாலாவது மாடி பால்கனியில் முட்டிமேல் ஐஸ் பையோடு உட்கார்ந்து, தூரத்தில் நகரும் இரண்டு புள்ளிகளில் எது சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முட்டி போனது போன பொங்கலுக்கு. எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் என்றால் கார் நிறுத்தும் இடத்தில் கோலப்போட்டி, உறியடி, கடைசியில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குச் சாக்கு ஓட்டம். எனக்கு இரண்டாம் பரிசு. ஓடியது மூன்று பேர். மூன்றாமவர் பாதியில் போன் பேசப் போய்விட்டார். பரிசு டிபன் பாக்ஸ். கூடவே, ஸ்கேனில் தெரிந்தபடி, குருத்தெலும்பில் ஒரு குழி. எலும்பு முனையை மூடியிருக்கும் அந்த வழுவழுப்பான பூச்சுக்கு ரத்த ஓட்டம் கிடையாதாம், தானாக ஆறாதாம். திசு ஒட்டு வைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்கத்தான் போன செவ்வாய்க்கிழமை பூந்தமல்லிக்குக் கிளம்பினேன்.

காலை எட்டேகாலுக்கு ஆட்டோ. சுமார் எட்டு கிலோமீட்டர், இருநூற்று இருபது ரூபாய். வேலப்பன்சாவடி வரை சொகுசு. நெடுஞ்சாலையில் ஏறியதும் சென்னீர்குப்பம் வரை ஊர்ந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் "அம்மா" என்றேன்.

"இன்னா சார், முட்டியா? காலை நீட்டிகினு குந்து" என்றார் டிரைவர்.

"உள்ளே குழி விழுந்திருக்கு. ஒட்டு வைக்கலாமான்னு கேட்கப் போறேன்."

"பஞ்சர் மாரியா? ஒட்ன உடனே ஓட்டலாமா?"

"தெரியலையே."

"கேட்டுகினு வா சார். எனக்கும் வலது முட்டி கடக் கடக்னு கீது."

ஒன்பது மணிக்கு மருத்துவமனை. அங்கே போன பிறகுதான் புத்தி வந்தது: முட்டி டாக்டரைப் பார்க்க இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். கணுக்காலுக்கு மேல் சுருட்ட முடியவில்லை. நர்ஸம்மா ஒரு பச்சைத் துணியை நீட்டி, "கட்டிக்குங்க, தினமும் நாலு பேர் இப்படித்தான் வர்றாங்க" என்றார். அதைப் பாவாடைபோலக் கட்டிக்கொண்டு டாக்டர் எதிரே உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்தார். "மூட்டு முழுக்கத் தேஞ்சிருந்தா இது சரிப்படாது. உங்களுக்கு ஒரே இடம்தான், சுத்தி நல்லா இருக்கு. அதே முட்டியில பாரம் அதிகம் விழாத ஓரத்துல இருந்து, எலும்போட சேர்த்துச் சின்னதா எடுத்து, குழியில பதிச்சிடலாம். குழி பெருசா இருந்தா இறந்தவங்க தானம் பண்ண திசு தேடணும். உங்களுக்கு வேண்டாம்."

"உடனே நடக்கலாமா?"

"ஆறு வாரமாவது ஊன்றுகோல். அப்புறம் பயிற்சி. நல்லா நடக்கப் பல மாசம் ஆகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் வரும்னு சொல்ல மாட்டேன். எதுக்குக் கேக்கறீங்க, விளையாடவா?"

"இல்லீங்க டாக்டர். ஏரியைச் சுத்தி நடக்கணும். என் வீட்டுக்காரம்மாகூட." பச்சைப் பாவாடையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் சிரிக்கவில்லை. "முயற்சி பண்ணலாம்" என்றார்.

வெளியே வந்து பொங்கலும் வடையும் வாங்கி வைத்துக்கொண்டு கலாவுக்குப் போன் செய்தேன். "ஆபரேஷன் பண்ணினா உன்கூட ஏரிக்கு நடக்க வரலாமாம்."

"இருங்க" என்று போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "ம்... வாங்க" என்றாள்.

போகிறவர்களுக்கு: வேட்டியோ தொளதொள பேண்ட்டோ கட்டாயம். ஸ்கேன் படத்தையே கொண்டு போங்கள், அறிக்கை மட்டும் போதாது. எட்டு மணிக்கு முன்பே கிளம்பினால் சென்னீர்குப்பத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். தேய்மானம் பரவுவதற்குள் காட்டுவது நல்லது. நான் மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சின்ன விஷயம். இந்த ஏரிக்கரைக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டு முட்டியும் நன்றாக இருந்த எட்டு வருடமும், செருப்பை மாட்டும்போதெல்லாம் அவள் "வர்றீங்களா?" என்று கேட்பாள். நான் ஒருநாள்கூடப் போனதில்லை.